உள்ளுணர்வும் ஆராய்வும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருக்கோயிலுக்கு வருவோருள் பலர் ஏதேனும் ஒரு முடிவை நெஞ்சில் சுமந்துகொண்டு வருகின்றனர். மகளுக்கு வந்துள்ள வரனை ஏற்கலாமா? இருக்கும் நிலத்தை விற்றுத் தொழில் தொடங்கலாமா? மருத்துவர் சொன்ன அறுவை சிகிச்சைக்கு உடன்படலாமா? ஆராய்ந்து பார்த்தால் அறிவு ஒன்று சொல்கிறது. உள்ளம் வேறொன்று சொல்கிறது. இரண்டில் எதனைக் கேட்பது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து முடிவுக்கு வருவது ஆராய்வு. காரணம் இன்னதென்று எடுத்துச் சொல்ல இயலாமலே, 'இது இப்படித்தான்' என்று உள்ளத்தில் சட்டெனத் தோன்றுவது உள்ளுணர்வு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று பலர் எண்ணுகின்றனர். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து செயல்வகை' என்றும் 'தெரிந்து தெளிதல்' என்றும் ஆராய்ச்சிக்கென அதிகாரங்களை அமைத்தார். அதே பொருட்பாலில் 'குறிப்பறிதல்' என்னும் அதிகாரத்தையும் வைத்தார். வாய் சொல்லாததை முகத்திலும் கண்ணிலும் கண்டு உணரும் ஆற்றல் அது. ஆராய்பவனுக்கும் குறிப்பு வேண்டும். குறிப்புணர்பவனுக்கும் ஆராய்ச்சி வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

உள்ளுணர்வு எங்கிருந்து வருகிறது? எனக்குப் பழகிய துறையிலிருந்தே ஒரு சான்று கூறுகிறேன். தமிழாசிரியனாக நெடுங்காலம் யாப்பிலக்கணம் கற்பித்தவன் நான். மாணவன் ஒருவன் தான் எழுதிய வெண்பாவை எழுந்து நின்று படிப்பான். இரண்டாம் அடி வரும்போதே செவி 'நில்' என்று சொல்லிவிடும். ஓசை எங்கோ இடறுகிறது! ஆனால் பிழை இன்னதென்று அந்தக் கணத்தில் சொல்ல வராது. பிறகு கரும்பலகையில் எழுதி, அசை பிரித்து, சீர் கண்டு, தளை பார்த்தால் உண்மை புலப்படும். மாச்சீரை அடுத்து நிரையசை வரவேண்டிய இடத்தில் நேரசை வந்திருக்கும். செவி முதலில் கண்டது. அலகிடுதல் பின்னர்க் காரணம் காட்டியது. அந்தச் செவி பிறவியில் வந்ததன்று. ஆயிரக்கணக்கான வெண்பாக்களை வாய்விட்டு ஓதியதால் வந்தது. கற்றவை யாவும் நினைவின் அடியில் படிந்து, அழைக்காமலே வந்து உதவும் நிலைக்குத்தான் உள்ளுணர்வு என்று பெயர்.

இதனை இன்னும் உயர்ந்த அளவில் மெய்ப்பித்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். தம் குலதெய்வமாகிய நாமக்கல் நாமகிரித் தாயாரே கனவில் கணித உண்மைகளைக் காட்டுவதாகக் கூறியவர். இதனைக் கேட்பவர்கள், அவர் உழைக்காமலே எல்லாம் கிடைத்தது போல எண்ணிவிடுகின்றனர். அது பெரும் பிழை. ஏறக்குறைய பதினாறு வயதில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான முடிவுகள் அதில் இருந்தன. நிறுவல்கள் மிகச் சுருக்கம். அவற்றைத் தாமே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார் அந்தச் சிறுவர். தாள் விலை அதிகம் என்பதால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். அதனால்தான் அவருடைய குறிப்பேடுகளில் முடிவுகள் நிறைந்தும் வழிமுறைகள் அரிதாகவும் உள்ளன. உலகம் கண்டது குறிப்பேட்டை. பலகையில் அழிந்துபோன உழைப்பை எவரும் காணவில்லை.

1729 என்னும் எண்ணைப் பற்றிய நிகழ்ச்சியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இங்கிலாந்தில் அவர் நோயுற்றிருந்தபோது காண வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும் அது சுவையற்ற எண் என்றும் கூறினார். இராமானுஜனோ உடனே, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார். 1இன் கனமும் 12இன் கனமும் சேர்ந்தால் 1729. 9இன் கனமும் 10இன் கனமும் சேர்ந்தாலும் 1729. மின்னலெனத் தோன்றிய விடை இது என்று வியக்கிறோம். ஆனால் இவ்வுண்மை பல்லாண்டுகளுக்கு முன்பே அவருடைய குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தது. மின்னலுக்கு முன்னால் மேகம் திரண்டிருந்தது.

இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். 1913ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் கண்ட முடிவுகளுள் பல ஹார்டியைத் திகைக்க வைத்தன. சில முன்பே அறியப்பட்டவை. பகா எண்களைப் பற்றிய சில பிழையானவை. அத்துணைப் பெரிய மேதையின் உள்ளுணர்வும் சில இடங்களில் தவறியது! ஹார்டி அவரை இகழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பவுமில்லை. 1914இல் கேம்பிரிட்ஜுக்கு அழைத்து, உடனிருந்து, நிறுவும் முறையை அவருக்குப் பழக்கினார். இருவரும் சேர்ந்து 1918இல் ஒரு பெரும் முடிவை வெளியிட்டனர். ஓர் எண்ணைக் கூட்டற்கூறுகளாக எத்தனை வகையில் பிரிக்கலாம் என்பது அக்கேள்வி. 4 என்னும் எண்ணை ஐந்து வகையில் பிரிக்கலாம். 200ஐ எடுத்தால் வகைகள் ஏறக்குறைய 4 லட்சம் கோடி! மக்மகோன் என்னும் அறிஞர் 200 வரை கையால் கணித்து வைத்திருந்தார். அவர் கண்ட விடையும் இவர்களுடைய சூத்திரம் தந்த விடையும் பொருந்தின. இராமானுஜனின் உள்ளொளியும் ஹார்டியின் கண்டிப்பும் தனித்தனியே நின்றிருந்தால் அம்முடிவு எளிதில் கிடைத்திராது.

நம் சுவாமிமலை ஸ்தபதியாரின் பட்டறைக்குச் சென்று பாருங்கள். மெழுகும் குங்கிலியமும் கலந்து பிடிக்கும் உருவத்தில், தோளின் வளைவு எங்கே நிற்கவேண்டும் என்பதை அவர் விரல்களே அறியும். ஆயினும் தென்னையோலை நறுக்கில் தாள அளவை மடித்துக் குறித்து, உருவத்தோடு ஒட்டிப் பார்த்துக்கொள்வார். கைத்திறன் இருக்கும்போது ஓலை எதற்கு என்று அவர் கேட்பதில்லை.

அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் கூறுவேன். அமெரிக்காவில் கேரி கிளைன் என்னும் உளவியல் அறிஞர், தீயணைப்பு வீரர்கள் நெருக்கடியில் எவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்று பல்லாண்டுகள் ஆராய்ந்தார். ஒரு வீட்டின் அடுக்களைப் பக்கம் தீ. தலைவர் தம் வீரர்களோடு உள்ளே சென்று நீரைப் பாய்ச்சினார். தீ தணியவில்லை. ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது. எல்லோரையும் வெளியேறச் சொன்னார். அவர்கள் வெளியேறிய சிறிது நேரத்தில், நின்றிருந்த தளமே இடிந்து விழுந்தது. உண்மையில் தீ அவர்கள் காலடிக்குக் கீழே, நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. தமக்குப் புலன் கடந்த ஆற்றல் இருப்பதாகவே அத்தலைவர் நம்பினார். கிளைன் பொறுமையாகக் கேட்டபோது காரணங்கள் வெளிவந்தன. அடுக்களைத் தீ என்றால் நீருக்கு அடங்கியிருக்கவேண்டும்; அடங்கவில்லை. அறையின் வெப்பம் மிகுதி. தீயின் ஓசையோ குறைவு. இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை, நீண்ட பழக்கத்தால் அவர் உள்ளம் கண்டுகொண்டது. சொல்லாக வடிக்கத்தான் நேரமில்லை.

அப்படியானால் உள்ளம் சொல்வதையெல்லாம் நம்பிவிடலாமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். கோயில் குளத்தில் தாமரை படர்கிறது. நாள்தோறும் முந்தைய நாளைப் போல இருமடங்கு இடத்தை அடைக்கிறது. முப்பதாம் நாள் குளம் முழுதும் நிறைந்தது. பாதிக் குளம் நிறைந்தது எந்த நாள்? 'பதினைந்தாம் நாள்' என்று உள்ளம் முந்திக்கொண்டு சொல்லும். எண்ணிப் பாருங்கள்: இருபத்தொன்பதாம் நாள்! பாதி நிறைந்ததற்கு மறுநாளே முழுதும் நிறைந்துவிடும். பெருக்கத்தைக் கணிப்பதில் நம் உள்ளம் பழகவில்லை. வட்டிக்கு மேல் வட்டி ஏறும் கடனில் குடும்பங்கள் மூழ்குவதற்கும் இதுவே ஒரு காரணம்.

உள்ளுணர்வு தவறும் இடங்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் டேனியல் கானமன். 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்று, 2024இல் மறைந்தவர். அவரும், உள்ளுணர்வின் ஆற்றலைப் போற்றிய கிளைனும் எதிரெதிர் அணியினர். இருவரும் சேர்ந்து அமர்ந்து வாதிட்டு, 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதில் இருவரும் ஒன்றுபட்ட கருத்து நமக்குப் பெரிதும் பயன்படும். உள்ளுணர்வை நம்புவதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, அந்தத் துறையில் மாறாத ஒழுங்கு இருக்கவேண்டும். மற்றொன்று, அதில் நெடுங்காலம் பழகி, தான் செய்தது சரியா தவறா என்று உடனுக்குடன் அறிந்து திருந்தும் வாய்ப்பு இருந்திருக்கவேண்டும். 'எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது' என்பது மட்டும் சான்றாகாது. தவறான எண்ணமும் உறுதியாகத்தான் தோன்றும்.

சமையலில் பழகிய தாய், கொதிக்கும் குழம்பில் உப்புக் குறைவு என்றால் நம்பலாம். பல பிள்ளைகளை வளர்த்த பாட்டி, 'இது வழக்கமான அழுகை அன்று' என்றால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். பங்குச் சந்தையில் நாளை விலை ஏறும் என்று ஒருவர் உள்ளம் சொல்வதாகக் கூறினால், அங்கே ஒழுங்கும் இல்லை, பழக்கமும் உதவாது, நம்பலாகாது.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். அச்சமும் ஆசையும் உள்ளுணர்வின் வேடம் பூண்டு வரும். 'உங்கள் பணம் ஓராண்டில் இரட்டிப்பாகும்' என்று ஒருவர் சொல்ல, 'இவர் நல்லவர்' என்று உள்ளம் சொன்னால், பேசுவது ஆசையாக இருக்கலாம். மார்பில் வலி கண்டவர், 'ஒன்றுமில்லை என்று என் மனம் சொல்கிறது' என்றால், பேசுவது மருத்துவமனையைப் பற்றிய அச்சமாக இருக்கலாம். ஆகவே ஒரு வழி சொல்கிறேன். 'ஏதோ சரியில்லை' என்று உள்ளம் எச்சரித்தால், நின்று விசாரியுங்கள். அதனால் பெரும்பாலும் சிறிது காலமே செலவாகும். 'எல்லாம் சரி, பார்க்கவே வேண்டாம்' என்று உள்ளம் ஆறுதல் கூறினால், அதனைச் சோதிக்காமல் ஏற்காதீர்கள். அங்கே தவறினால் பொருளும் போகும், உயிரும் போகும்.

பெற்றோர்களே, இது உங்களுக்கு. வரன் பார்த்துவிட்டுச் சென்றபின், 'ஏனோ எனக்கு ஒப்பவில்லை' என்று மகள் சொல்கிறாள். 'காரணம் சொல்' என்று அதட்டினால் அவளால் சொல்ல இயலாது. சொல்ல இயலாததால் காரணமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 'எந்தச் சொல் உன்னை உறுத்தியது? எந்தப் பார்வை?' என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அவ்வீட்டில் தன் தாயை அவர் அதட்டிய விதம் அவளுக்கு நினைவு வரலாம். அல்லது, வெறும் கலக்கமே என்று அவளே தெளியலாம். எதுவாயினும், கேட்டபின் முடிவு செய்வதே முறை. வாழப்போகிறவள் அவள் அல்லவா?

உள்ளுணர்வைப் பழக்குவதற்கு எளிய வழி உண்டு. ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பற்றி உள்ளம் என்ன சொன்னது, அறிவு என்ன சொன்னது என்று நாளிட்டு எழுதுங்கள். முடிவு தெரிந்தபின் திரும்பப் பாருங்கள். ஓராண்டில், எந்தெந்தச் செய்திகளில் உங்கள் உள்ளம் நம்பத்தக்கது, எங்கே அது ஆசையால் மயங்குகிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியும். சினம் கொண்டபோதும், பசித்தபோதும், உறக்கம் கெட்டபோதும் தோன்றும் எண்ணத்தை மறுநாள் வரை ஒத்திவையுங்கள். மறுநாளும் அதே எண்ணம் அமைதியாக நின்றால், அதற்குச் செவி கொடுக்கலாம்.

சிலர் இறைவன் திருமுன் பூக்கட்டிப் பார்த்தும், சீட்டு எழுதிப் போட்டும் முடிவு கேட்கின்றனர். அது அவரவர் நம்பிக்கை. குறை கூற மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சீட்டைப் பிரிக்கும் அந்த நொடியில், எந்த விடை வரவேண்டும் என்று உங்கள் நெஞ்சம் ஏங்குகிறது? நீங்கள் உண்மையில் விரும்புவது எது என்று அந்த ஏக்கம் காட்டிவிடும். விருப்பம் தெரிந்துவிட்டது, அது தகுந்ததா என்று ஆராயும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. அதற்காகத்தான் அறிவும் தரப்பட்டிருக்கிறது.

இன்று வழிபாடு முடிந்ததும் உடனே எழுந்து ஓடாமல், திருச்சுற்றில் சிறிது நேரம் அமருங்கள். சுமந்து வந்த கேள்வியை எடுத்து வையுங்கள். உள்ளம் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். வீடு சென்றதும் அதனை அறிந்தவரிடம் விசாரியுங்கள், கணக்கிட்டுப் பாருங்கள், பிறகு செய்யுங்கள். உங்கள் இல்லங்களில் நல்ல முடிவுகளும் நலமும் பெருகுக என்று வேண்டி அமைகின்றேன்.