பழைய இஞ்சினுக்குப் புதுப் பலம்: வேகத்துக்கு முன் வேண்டியவை



மோரிஸ் மைனர் காரை மறந்த பெரியவர்கள் ஜொகூரில் குறைவு. அதைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். இஞ்சின் ஓடத் தொடங்கியதும், செனாய் - டெசாரு நெடுஞ்சாலையில் ஏறி ஒரு மிதி மிதித்துப் பார்க்கச் சிலருக்குக் கால் துறுதுறுக்கும். அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

மைனர் 1000 காரில் இருந்தது 'ஏ சீரிஸ்' இஞ்சின். அதே குடும்பத்து 848 சி.சி. இஞ்சின்தான் 1959இல் மினி காரில் வந்தது. அதன் சக்தி 34 குதிரைத்திறன். 1961இல் ஜான் கூப்பர் பெயர் தாங்கி வந்த மினி, 997 சி.சி.யில் 55 குதிரைத்திறன் தந்தது. இரட்டைக் கார்புரேட்டர் மட்டும் அதற்குக் காரணமல்ல. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் கூட்டப்பட்டது. முக்கியமாக, முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்த்தே பொருத்தினார்கள். ஓட வைத்தவர்கள் நிறுத்தவும் வழி செய்தார்கள். 1964இல் கூப்பர் எஸ் ரக மினி மாண்டி கார்லோ ராலியை வென்றது.

நம்மவர்களிலும் உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன், சாதாரண மாருதி 800 காரின் 796 சி.சி. இஞ்சினை, எடை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. சக்தியைக் கூட்டுவது ஒரு வழி. சுமையைக் குறைப்பது இன்னொரு வழி. அங்குள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சரி, பழைய இஞ்சினை எப்படி அணுகுவது?

முதலில் அளவெடுக்க வேண்டும். பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு சிலிண்டர் சுவரையும் கிராங்க் தண்டையும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். தேய்ந்திருந்தால் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன், புது பேரிங் போட வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த இஞ்சின் இது. ஈயமில்லாத இன்றைய பெட்ரோலில், கடும் ஓட்டத்தின்போது எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடம் தேய்ந்து பள்ளமாகும். அங்கே கடின உலோக வளையம் பதிப்பது நல்லது.

மறுபடி பூட்டிய இஞ்சினை உடனே விரட்டக்கூடாது. புது ரிங்குகள் சுவரோடு பழகும் வரை மிதமாக ஓட்டி, எண்ணெயை மாற்ற வேண்டும்.

அதன் பிறகே சோதனை. அதற்குரிய இடம் டைனோ எனும் உருளைச் சோதனை மேடை; நெடுஞ்சாலை அல்ல. முதலில், மாற்றம் எதுவும் செய்யாமல் ஓர் அளவு எடுங்கள். பின்பு ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். கார்புரேட்டரையும் கேம் தண்டையும் ஒரே நாளில் மாற்றினால், எது பலன் தந்தது என்று யாருக்கும் தெரியாது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தாலோ, தீப்பொறி முந்திக்கொண்டாலோ பிஸ்டன் ஓட்டையாகிவிடலாம். 'டக் டக்' என்ற தட்டல் கேட்டால் அந்தக் கணமே நிறுத்துங்கள்.

இஞ்சினையே மாற்றுவதென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி அவசியம். இல்லையேல் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.

ஆக, கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு பிரேக்குக்கும் டயருக்கும் போகட்டும். இரண்டாவது பங்கு இஞ்சினின் உறுதிக்கு. மிச்சம் இருந்தால் வேகத்துக்கு. இந்த வரிசை மாறினால் சேதமாவது கார் மட்டுமல்ல. வீட்டில் காத்திருப்பவர்களின் வாழ்வும்தான்.