எண் இல்லாத துப்பாக்கியும் பெயர் உள்ள பட்டியலும்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் ஆற்றப்பட்ட உரை)



நம்முடைய விவரங்கள் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் இன்றைய கருப்பொருள். எனக்கு முன்னால் பேசியவர்கள் வங்கிக் கணக்கைப் பற்றியும் கைத்தொலைபேசியைப் பற்றியும் சொன்னார்கள். நான் பேசப் போவது துப்பாக்கியைப் பற்றி. அமெரிக்காவில் வீட்டுப் பட்டறையிலேயே ரைஃபிள் செய்து கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கப் பதிவேட்டில் தங்கள் பெயர் ஏறுவதைக் கண்டு அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். 'நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். சம்பந்தம் இருக்கிறது.

முதலில் அங்குள்ள நிலையைத் தெரிந்து கொள்வோம். ஜான் கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ஆகிய மூவரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1968-ஆம் ஆண்டு அமெரிக்கா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டு வந்தது. துப்பாக்கி தயாரித்து விற்கும் தொழில் செய்பவர் உரிமம் பெற வேண்டும், ஒவ்வொரு துப்பாக்கியிலும் வரிசை எண் பொறிக்க வேண்டும் என்று அது விதித்தது. ஆனால், விற்பதற்காக அல்லாமல் தன் சொந்த உபயோகத்திற்கு ஒருவர் ரைஃபிள் செய்து கொண்டால், கூட்டரசுச் சட்டப்படி உரிமமும் தேவையில்லை, எண்ணும் தேவையில்லை.

இந்தச் சலுகைக்குப் பின்னால் ஒரு பழைய வரலாறு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் நீண்ட குழல் வைத்த வேட்டை ரைஃபிள்களைக் கையாலேயே செய்தார்கள். அந்தக் கைத்தொழிலை இன்றும் பொழுதுபோக்காகப் போற்றுகிறவர்கள் அங்கே உண்டு. நம் ஊரில் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துச் சேர்க்கும் இளைஞர்கள் இல்லையா? அதைப் போன்ற ஈடுபாடுதான் அதுவும். அவர்களை எல்லாம் குற்றவாளிகளாகப் பார்ப்பது நியாயம் அல்ல.

ஆனால் காலம் மாறிவிட்டது. ஏஆர்-15 வகை ரைஃபிள் பல பாகங்கள் சேர்ந்த ஒன்று. அவற்றில் விசைப் பகுதியைத் தாங்கி நிற்கும் கீழ்ச் சட்டத்தைத்தான் 'துப்பாக்கி' என்று அதிகாரிகள் கணக்கில் கொள்கிறார்கள். மற்ற பாகங்களைச் சைக்கிள் உதிரிப் பாகம் வாங்குவது போல வாங்கலாம். இந்த இடத்தில்தான் வியாபாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தச் சட்டத்தை முழுமையாக முடிக்காமல், '80 விழுக்காடு' முடிந்த பொருள் என்று விற்றார்கள். முழுமை பெறாததால் அது துப்பாக்கி அல்ல என்றார்கள். துப்பாக்கி அல்ல என்றால் எண் வேண்டாம், வாங்குபவரின் பின்னணிச் சோதனையும் வேண்டாம். கைத்துப்பாக்கிக்கும் இதே போன்ற தொகுப்புப் பெட்டிகள் வந்தன. எண்ணே இல்லாத இவற்றை அங்கே 'பேய்த் துப்பாக்கி' என்று அழைக்கிறார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இடம்பெற்ற கணக்கைச் சொல்கிறேன். 2017-இல் போலீசார் பூர்வீகம் கண்டுபிடிக்கச் சொல்லி அனுப்பிய எண் இல்லாத துப்பாக்கிகள் சுமார் 1,600. 2021-இல் அது 19,000-ஐத் தாண்டியது. அப்படி ஒரு பெட்டியை அதற்கு முன் பார்த்திராத ஒருவர், 21 நிமிடத்தில் அதைத் துப்பாக்கியாக்கி விட்டார் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2019 நவம்பரில் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா நகரில், 16 வயது மாணவன் ஒருவன் இத்தகைய கைத்துப்பாக்கியால் தன் பள்ளியில் இரண்டு மாணவர்களைக் கொன்று, தன்னையும் சுட்டுக் கொண்டான். கடைக்குப் போனால் துப்பாக்கி வாங்கவே முடியாத வயது அது.

2022-இல் அதிபர் பைடன் நிர்வாகம், இத்தகைய பெட்டிகளும் துப்பாக்கிதான், எண்ணும் பின்னணிச் சோதனையும் கட்டாயம் என்று விதி போட்டது. வழக்கு நடந்தது. 2025 மார்ச் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், சட்டம் அந்த விதிக்கு இடம் தருகிறது என்று தீர்ப்பளித்தது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்து விட்டதா? இல்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். 'எண் போடச் சொல்கிறீர்கள், சரி. அந்த எண்ணுக்கு நேராக எங்கள் பெயரையும் முகவரியையும் எழுதப் போகிறீர்களே, அந்தப் பட்டியல் யார் கைக்கெல்லாம் போகும்?'

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. நடந்த சம்பவங்கள் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. 2012 டிசம்பரில், சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட சில நாட்களில், நியூயார்க் மாநிலத்தின் 'ஜர்னல் நியூஸ்' பத்திரிகை, இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி உரிமம் பெற்றவர்களின் பெயர், முகவரிகளை வரைபடமாக வெளியிட்டது. அவை பொது ஆவணங்கள். சட்டப்படி குற்றமில்லை. ஆனால் கடும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அந்தப் பத்திரிகை அலுவலகமே ஆயுதம் தாங்கிய காவலர்களை நியமிக்க வேண்டியதாயிற்று. மறு மாதமே வரைபடம் எடுக்கப்பட்டது. உரிமம் பெற்றவர்கள் தங்கள் விவரத்தை மறைத்து வைக்கக் கோரலாம் என்று மாநிலச் சட்டமும் மாறியது.

ஊடகத்தில் பணியாற்றுகிறவள் என்ற முறையில் நான் கேட்பது இதுதான். சட்டம் அனுமதிக்கிறது என்பது மட்டும் வெளியிடுவதற்குப் போதுமான காரணமா? அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி, வேறு ஊரில் ஒளிந்து வாழும் ஒரு பெண்ணின் முகவரி அதில் இருந்திருந்தால்? எந்த வீட்டில் ஆயுதம் இருக்கிறது என்று தேடும் திருடனுக்கு அது வழிகாட்டி ஆகாதா? மக்களுக்குத் தெரிய வேண்டியது, எங்கே எத்தனை துப்பாக்கிகள் உள்ளன, அரசாங்கம் எப்படிக் கண்காணிக்கிறது என்பவை. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் அல்ல.

இரண்டாவது சம்பவம் அரசாங்கத்தின் கவனக்குறைவு. 2022 ஜூன் மாதம் கலிபோர்னிய நீதித் துறை, துப்பாக்கிப் புள்ளிவிவரங்களுக்காக ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தது. அதன் வழியாக, மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு விண்ணப்பித்த சுமார் 1,92,000 பேரின் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் வெளியே போய்விட்டன. வேண்டுமென்று செய்யப்பட்டது அல்ல என்று பின்னர் விசாரணை கூறியது. இருக்கலாம். ஆனால் போன விவரம் திரும்பி வருமா? கொட்டிய பாலை அள்ள முடியுமா?

மூன்றாவது நியூசிலாந்து. 2019 மார்ச் 15-இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, அந்நாடு பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்து, பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதற்காகப் போலீசார் நடத்திய இணையத் தளத்தில், உரிமையாளர்களின் விவரங்களைச் சில வியாபாரிகள் பார்க்க முடிந்தது என்று அதே ஆண்டு டிசம்பரில் தெரிய வந்தது. தளம் உடனே மூடப்பட்டது.

ஆனால் நியூசிலாந்திலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. அங்கே பல ஆண்டுகளாக ஆளுக்குத்தான் உரிமம் இருந்தது. பெரும்பாலான ரைஃபிள்களுக்குப் பதிவு கிடையாது. அதனால், திரும்ப வாங்கத் தொடங்கியபோது, நாட்டில் எத்தனை துப்பாக்கிகள் இருக்கின்றன என்றே அரசாங்கத்திற்குச் சரியாகத் தெரியவில்லை. 2023 ஜூன் மாதம்தான் முழுமையான பதிவேடு தொடங்கியது. பட்டியல் கசிந்தால் ஆபத்து, பட்டியலே இல்லாவிட்டாலும் ஆபத்து.

அமெரிக்கர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டரசாங்கம் துப்பாக்கி உரிமையாளர்களின் மையப் பதிவேடு வைப்பதையே தடை செய்கிறது. வாங்குபவர் நிரப்பும் பாரம் கடைக்காரரிடம் இருக்கும். குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், எண்ணை வைத்துத் தயாரிப்பாளரைக் கேட்டு, அங்கிருந்து மொத்த வியாபாரி, பிறகு கடைக்காரர் என்று படிப்படியாகப் போய், முதலில் வாங்கியவரைக் கண்டுபிடிக்கிறார்கள். பின்னணிச் சோதனையில் தேறியவரின் விவரம் 24 மணி நேரத்திற்குள் அழிக்கப்பட வேண்டும் என்பதும் விதி. மெதுவான முறைதான். பழைய துப்பாக்கி கைமாறிப் போயிருந்தால் வழி பாதியிலேயே நின்றுவிடும். ஆனால் இதில் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. துப்பாக்கியில் எண் இருப்பது வேறு, எல்லோருடைய பெயரும் ஒரே இடத்தில் குவிந்திருப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதால்தான் சண்டை பெரிதாகிறது.

என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். எண் கட்டாயம் வேண்டும். வீட்டில் செய்தாலும் வேண்டும். கலிபோர்னியாவில் 2018 ஜூலை முதல், சொந்தமாகச் செய்பவரும் முன்கூட்டியே எண் வாங்க வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. பொழுதுபோக்காளரின் கைத்தொழிலை அது பறிக்கவில்லை. மகனைப் பறிகொடுத்த தாய், 'இந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது?' என்று கேட்கும்போது, 'தெரியாது' என்பதோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது.

அதே நேரத்தில், பெயரைக் கேட்டு வாங்கும் அரசாங்கத்திற்கும் கடமை உண்டு. பட்டியலை யார், எந்த வழக்கிற்காகத் திறந்தார் என்பது பதிவாக வேண்டும். காரணமில்லாமல் திறந்தவரும் கசிய விட்டவரும் தண்டனை பெற வேண்டும். விவரம் வெளியானால், பாதிக்கப்பட்டவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று குடிமக்களுக்கு மட்டும் பாடம் சொன்னால் போதாது. அது பதிவேட்டை வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

நேயர்களே, இப்போது நம் நாட்டிற்கு வருவோம். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. 1971-இல் தண்டனையைக் கடுமையாக்கிய சட்டமும் வந்தது. உரிமமில்லாமல் துப்பாக்கி செய்வது இங்கே குற்றம். அப்படியும் சபாவில் 'பக்காகுக்' என்று அழைக்கப்படும் கையால் செய்த வேட்டைத் துப்பாக்கிகள் பிடிபடுகின்றன. கட்டுப்பாடு மிகக் கடுமையான ஜப்பானில்கூட, 2022 ஜூலை 8-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே, வீட்டில் செய்யப்பட்ட துப்பாக்கிக்குத்தான் பலியானார். ஆகவே, 'அது அமெரிக்கர்கள் பிரச்சினை' என்று ஒதுக்க முடியாது.

பதிவேட்டு விஷயத்திலும் அப்படித்தான். நாம் பிறந்தது முதல் பதிவிலேயே வாழ்கிறோம். 2017-இல் நான்கு கோடியே அறுபது லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் இங்கே கசிந்தன. அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அந்நாட்டுப் பிரதமரின் விவரமும் அதில் அடக்கம். நமது 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. கூட்டரசாங்கத்திற்கும் மாநில அரசாங்கங்களுக்கும் அது பொருந்தாது. துப்பாக்கியே பார்க்காத நமக்கும் அந்த அமெரிக்க வேட்டைக்காரருக்கும் பொதுவான கவலை இதுதான்.

அடுத்த முறை ஒரு முகப்பில் உங்கள் அடையாள அட்டையைக் கேட்டால், கொடுங்கள். ஆனால், 'இது எதற்கு? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?' என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பது எதிர்ப்பு அல்ல, உரிமை. பதில் சொல்லப் பழகும் அரசாங்கத்திடம்தான் மக்கள் தயங்காமல் பெயரைக் கொடுப்பார்கள்.