சலுகையன்று, உரிமை

(காளிகாட்டில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் குடியேறி வாழும் இம்மாநகர் இத்துறையில் முன்னோடியாகும். செவிப்புலனற்றோருக்கு 1893-லும், லால் பிஹாரி ஷா அவர்களின் முயற்சியால் பார்வையற்றோருக்கு 1897-லும் இங்கே பள்ளிகள் தோன்றின. அன்று அறமாகக் கருதப்பட்டது இன்று சட்டமாகியுள்ளது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையதெனச் சான்று பெற்ற குழந்தை, 6 முதல் 18 வயது வரை, அண்மையிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலலாம். தேர்வில் கூடுதல் நேரத்திற்கும், சொல்வதை எழுத ஒருவர் துணைக்கும் அச்சட்டம் இடமளிக்கிறது.

மற்றொன்று நமக்கென்றே அமைந்தது போன்றது. வீட்டில் தமிழ், வீதியில் வங்காளம், வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் என நான்கு மொழிகளுக்கிடையே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். செவி கேளாத குழந்தைக்கும், எழுத்துக் கூட்ட இடர்ப்படும் குழந்தைக்கும் இஃது எத்துணைச் சுமை! இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்களிக்கவும் அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு வகை செய்கிறது. இதனை அறியாது, படிப்பு ஏறவில்லை என்று பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்திவிடுதல் தகுமா?

பெற்றோரே, குறையை மறைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் சான்று பெறுங்கள். தேர்வு நெருங்கும்வரை காத்திராமல் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். மனு எழுத இயலாதார்க்கு எழுதித் தருவது நம் சங்கத்தின் கடனாகட்டும்.