சீருடைக்குள் சேரும் கடன்



இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பொலிஸாரின் வேலைப்பளு பற்றியும் அதனால் வரும் மன அழுத்தம் பற்றியும் பேசப்போகிறேன். "ஊரில் எங்களை விரட்டினவர்களும் பொலிஸார்தானே, அவர்களுக்காக நாங்கள் ஏன் கவலைப்படவேண்டும்?" என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவை அறிந்தவர்கள் சீருடையைக் கண்டதும் ஒதுங்குவது இயல்பு. நான் இரக்கம் கேட்க வரவில்லை. ஒரு பொலிஸ்காரரின் களைப்புக்கும் பதற்றத்துக்கும் கடைசியில் விலை கொடுப்பவர் யார் என்பதைத்தான் சிந்திக்கச் சொல்கிறேன்.

முதலில் என்னுடைய தொழில் வழியே ஒரு கணக்குச் சொல்கிறேன். ஜேர்மனியில் ஒரு கம்பனித் தொழிலாளி எடுக்காமல் விட்ட லீவும், கூடுதலாகச் செய்த வேலை நேரமும் ஆண்டு முடிவில் அந்தக் கம்பனியின் கடனாக எழுதப்படவேண்டும். இன்னும் கொடுக்கவில்லை என்பதற்காக அது கடன் இல்லை என்று ஆகிவிடாது. பொலிஸிலும் அப்படியொரு கடன் இருக்கிறது. எங்கள் மாநிலத்தில் அரச உத்தியோகத்தருக்கு வாரத்துக்கு 41 மணித்தியால வேலை. அதற்கு மேலே 80,000க்கு மேற்பட்டோர் கூடும் உதைபந்தாட்டம், ஊர்வலம், அதற்கு எதிர் ஊர்வலம் என்று சனி ஞாயிறும் போய்விடும். 2017ஆம் ஆண்டளவில் பொலிஸ் தொழிற்சங்கம் சொன்ன கணக்கின்படி நாடு முழுவதும் 2 கோடிக்கு மேற்பட்ட மேலதிக மணித்தியாலங்கள் தீர்க்கப்படாமல் குவிந்திருந்தன.

இந்தக் கடனை உடம்பு தாங்காது. இரவு வேலை செய்யும் எங்கள் சகோதரர்கள் பலருக்கு இது சொல்லாமலே தெரியும். 17 மணித்தியாலம் நித்திரையில்லாமல் இருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.5 புரோமில் மது ஏறியவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இங்கே வாகனம் ஓட்டுவதற்குச் சட்டம் கோடு போட்டிருப்பதும் அந்த 0.5இல்தான். எங்கள் ஆட்கள் களைத்தால் தட்டு உடையும், இயந்திரத்தில் கை படும். பொலிஸ்காரரின் இடுப்பிலோ துப்பாக்கி இருக்கிறது. அதோடு அவர் விபத்தையும், சாவையும், வீட்டுச் சண்டையையும் மாறிமாறிப் பார்க்கிறார். நாளடைவில் எரிச்சல், சந்தேகம், குடி, குடும்பப் பிரிவு என்று அது வெளியே வரும்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். காவலருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க 2021இல் அரசாணை ஒன்றே போடவேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 2018இல், பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துடன் சேர்ந்து காவலர் நலத்திட்டம் தொடங்கினார்கள். அப்படியிருந்தும் 2023 ஜூலை 7ஆம் திகதி கோயம்புத்தூர் சரக டி.ஐ.ஜி. விஜயகுமார் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவர் மன அழுத்தத்துக்கு வைத்தியம் பெற்றுவந்தவர். அவ்வளவு உயர்ந்த பதவியும் அவரைக் காப்பாற்றவில்லை.

இதைச் சொல்லி எல்லாவற்றையும் மன்னித்துவிட முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்தில் வைத்து அடித்த அடிக்கு வேலைப்பளு ஒரு சாட்டு ஆகாது. அது குற்றம். ஆனால் தவறு செய்தவரைத் தண்டிப்பதும், அடுத்த தவறு நடக்காமல் தடுப்பதும் இரண்டு வேலைகள். இரண்டும் நடக்கவேண்டும்.

இனி எங்கள் டோர்ட்மண்டுக்கு வருகிறேன். 2000 ஜூன் 14ஆம் திகதி தீவிர வலதுசாரி ஒருவன் இங்கேயும் பக்கத்து வால்ட்ரொப்பிலும் மூன்று பொலிஸாரைச் சுட்டுக் கொன்றான். தொடங்கியது ஒரு சாதாரண வாகனச் சோதனை. ஆகவே பொலிஸாரின் பயம் வெறும் கற்பனை அல்ல.

ஆனால் பயம் மறுபக்கமும் உயிரெடுக்கும். 2022 ஆகஸ்ட் 8ஆம் திகதி நோர்ட்ஸ்டாட் பகுதியில் முகமட் டிராமே என்ற 16 வயது செனகல் நாட்டு அகதிப் பையன், கத்தியைத் தன் வயிற்றுக்கு நேரே பிடித்தபடி ஒரு இளைஞர் இல்லத்தின் முற்றத்தில் இருந்தான். உதவிக்கு அழைக்கப்பட்ட பொலிஸார் மிளகு ஸ்பிரே அடித்தார்கள். அவன் எழுந்து அசைந்ததும் மின்சாரத் துப்பாக்கி, உடனேயே இயந்திரத் துப்பாக்கி. பையன் இறந்துபோனான். 2024 டிசம்பர் 12ஆம் திகதி டோர்ட்மண்ட் நீதிமன்றம் ஐந்து பொலிஸாரையும் விடுதலை செய்தது. தற்காப்புக்குச் சுடவேண்டிய நிலை என்று சுட்டவர் தவறாக நம்பினார் என்பது நீதிமன்றத்தின் முடிவு.

அன்று வந்தவர்கள் வேலையால் களைத்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்த செய்தி அல்ல. நான் சொல்வது வேறு. அசையாமல் இருக்கும் ஒரு பையனுக்கு முன்னால் பொறுத்திருக்க அமைதியான மனம் வேண்டும். மனநோய் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும், அவன் மொழியில் கதைக்க ஒருவர் வேண்டும். நித்திரையும் பயிற்சியும் உதவியும் இல்லாத ஆளிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அந்த இடத்தில் நாளை எங்கள் பிள்ளை இருக்கலாம். சீருடை போட்டு எதிரே நிற்பதும் எங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

எங்கள் மாநிலப் பொலிஸில் மனநல ஆதரவுக்கென ஒரு குழு உண்டு. ஆனால் உதவி கேட்டால் பலவீனன் என்று நினைப்பார்கள் என்ற பயம் எந்தச் சீருடைக்குள்ளும் இருக்கும். பொலிஸில் சேர நினைக்கும் உங்கள் மகனோ மகளோ இருந்தால், வேலை முடிந்து வந்ததும் "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பழகுங்கள்.

அதேபோல வீட்டில் ஒருவர் மனம் உடைந்து நிற்கும்போது, வெளியே தெரிந்தால் வெட்கம் என்று கடைசி நிமிடம் வரை மூடி வைக்காதீர்கள். குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். நகர சுகாதாரப் பகுதியில் சமூக மனநலச் சேவை இருக்கிறது. இரவும் பகலும் இலவசமாகக் கதைக்க 0800 1110111 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவை இருக்கிறது. உயிராபத்து என்றால் தயங்காமல் 112ஐ அழையுங்கள். அழைக்கும்போது நோயாளியின் வயது, அவர் பேசும் மொழி, கையில் என்ன இருக்கிறது, யாரை நம்புவார் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். வருகிறவருக்கு எவ்வளவு கூடத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு அவருடைய பதற்றம் குறையும்.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்துடன் சந்திப்போம்.