மார்கழிக் குளிரும் மிதிவண்டியும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில், மார்கழி வைகறையில் பாவுநூலைச் சுமந்து மிதிவண்டியில் செல்லும் பட்டு நெசவாளர், நடந்து செல்பவரைக் காட்டிலும் அதிகமாய்க் குளிரை உணர்வதற்குக் காரணம், உடலைச் சூழ்ந்த வெப்பக் காற்றை எதிர்க்காற்று ஓயாமல் அபகரித்துச் செல்வதேயாகும். ஆதலின், கனத்த ஆடை ஒன்றைவிட, இடையே காற்றைச் சிறைப்படுத்தும் மெல்லிய ஆடைகள் இரண்டை அணிந்து, மேலே நெருக்கமான நெசவுள்ள சட்டையும், காதுக்கு மப்ளரும் பூணுவதே உத்தமம். உள்சட்டை பருத்தியாயின் வியர்வையில் நனைந்து உடலைச் சில்லிடச் செய்யும். பட்டோ, புரத இழையாதலின், ஈரத்தைத் தன்னுள் வாங்கியும் எளிதில் ஈரமாய்த் தோன்றாது, வெப்பத்தையும் விரைவில் கடத்தாது. ஊருக்கெல்லாம் பட்டு நெய்பவர் தமக்கென ஒரு பட்டு உள்சட்டை தைத்துக்கொள்ள இயலாதிருப்பது என் மனத்தை வருத்துகிறது. மெல்லிய கம்பளி உள்சட்டையும் பட்டின் அக்குணமுடையதே. வெயில் ஏறியதும் மேற்சட்டையை மட்டும் கழற்றிவிடலாம்.