சிறைக்கு மாற்றாக நன்னடத்தை ஜாமீன்



கடன் கேட்டு வரும் ஒருவனுக்கு அயலார் ஜாமீன் நிற்பது கூட்டுறவுச் சங்கங்களில் நெடுநாளைய வழக்கம். அதே முறை நியாயஸ்தலத்திலும் உண்டு என்பதைக் கிராமவாசிகளிற் பலர் அறியார்.

முதன்முறையாகச் சிறு குற்றம் செய்த குடியானவன் மூன்று மாதம் சிறை சென்றால் விளைவது யாது? விதைப்புப் பருவம் தவறுகிறது. உழவு மாடு விலையாகிறது. சங்கத்தின் தவணை நின்று, ஜாமீன்தாரர் தலையில் பாரம் விழுகிறது. குற்றமறியாத மனைவி மக்களும் தண்டனையிற் பங்கு கொள்கின்றனர். பொருளை இழந்தவனுக்கோ அதனால் ஒரு காசும் திரும்புவதில்லை.

இதற்குப் பரிகாரம் கண்டவர் ஒரு தொழிலாளியே. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாதரட்சை செய்து விற்ற ஜான் அகஸ்டஸ் என்பவர், 1841-ஆம் ஆண்டில், குடித்துக் குற்றவாளியான ஒருவனுக்குத் தாமே ஜாமீன் நின்றார். மூன்று வாரங்களுக்குப் பின் அவன் தெளிந்தவனாய் வந்து நிற்கவே, நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் செலவுத் தொகையும் மட்டும் விதித்து விடுவித்தார். பின்னர் அகஸ்டஸ் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இவ்வாறே பொறுப்பேற்றார்.

சென்னை மாகாணத்தில் 1936-ஆம் ஆண்டின் சட்டம் இம்முறைக்கு இடமளித்தது. 1958-இல் இந்தியாவிற்கான மத்தியச் சட்டம் வந்தது. அதன்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்கதல்லாத குற்றங்களில், குற்றவாளியின் குணத்தையும் குற்றத்தின் தன்மையையும் ஆராய்ந்து, மூன்றாண்டுகளுக்கு மேற்படாத காலத்திற்கு நன்னடத்தைப் பத்திரம் பெற்று அவனை விடுவிக்கலாம். நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையிலும் வைக்கலாம். நஷ்டமடைந்தவனுக்கு ஈடு கொடுக்கும்படியும் உத்தரவிடலாம். இத்தகைய குற்றங்களில் 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புவதாயின் நியாயஸ்தலம் காரணத்தை எழுதி வைத்தல் வேண்டும்.

வேறு வழிகளும் உண்டு. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சங்கிதையில் சமூக சேவையும் ஒரு தண்டனையாகும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவன் அதனைத் திருப்பிக் கொடுத்தால், ஊதியமின்றிப் பொதுவேலை செய்வதே அவனுக்குரிய தண்டனை. வீட்டுக்காவலோ விசாரணைக் காலத்துக்குரியது. தக்க வழக்குகளில் அதனை விதிக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆயினும் ஜாமீன் என்பது வெறும் கையெழுத்தன்று. குற்றவாளிக்கேனும் ஜாமீன்தாரருக்கேனும் அந்த எல்லைக்குள் நிலையான வாசமோ ஒழுங்கான தொழிலோ இருத்தல் வேண்டும். நிபந்தனை மீறப்பட்டால் பழைய குற்றத்திற்கே தண்டனை வரலாம். ஜாமீன் தொகையும் பறிபோகலாம். ஆதலின், தாட்சணியத்திற்காக நில்லாமல், ஆளை அறிந்து நிற்றலே முறை. நின்றபின் அவனுக்கு வேலை தேடித் தருவதும், கள்ளுக்கடைப் பக்கம் போகாமல் பார்ப்பதும், தவணை தவறாமல் கட்டச் செய்வதும் அயலார் கடமை.

கடனைத் திருப்பிப் பெறுவதினும் மனிதனைத் திருப்பிப் பெறுவது பெரிய லாபம். அது சிறைச்சாலையின் மதிலுக்குள் அரிது. அவனை அறிந்தவர் வாழும் ஊரில் எளிது.