ஒரே கணம், இரண்டு தேதி



என் பேத்தி பிறந்தது ஒரு அதிகாலையில். துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியதும் மருமகன் ஒரு போட்டோ எடுத்தார். கையோடு, அவள் அழுவதை வீடியோவும் எடுத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இருக்காது. இரண்டும் எங்கள் வீட்டு சர்வரில் வந்து சேர்ந்தன. சர்வர் என்றதும் பெரிய இயந்திரமாக எண்ண வேண்டாம். அலமாரியின் கீழ்த்தட்டில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான். குடும்பத்துப் படங்கள், வீட்டுப் பத்திரங்களின் நகல், மருத்துவச் சீட்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

ஒரு வாரம் கழித்து, ஜாதகம் எழுதக் கொடுப்பதற்காக நேரம் பார்க்க, சம்பந்தியம்மா அந்த ஆல்பத்தைத் திறந்தார். போட்டோவின் கீழே அதிகாலை 2.10 என்று இருந்தது. வீடியோவைக் காணவில்லை. தேடினால் அது முந்தைய நாள் பக்கத்தில் கிடந்தது. நேரம் இரவு 8.40.

"சம்பந்தி, இதுல எது சரி? ஜோசியருக்கு எதைச் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்தரை மணி நேரம் என்பது நட்சத்திரத்தில் கிட்டத்தட்ட ஒரு பாதம். லக்னம் நிச்சயமாக மாறிவிடும்.

போட்டோ எடுக்கும்போது போன், சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்து எழுதுவதுபோல உள்ளூர் நேரத்தைக் குறித்துவைக்கிறது. வீடியோவுக்கு வழக்கம் வேறு. அதில் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம் பதிவாகும். நம் இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு அதிகாலை 2.10 ஆகும்போது உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் இரவு 8.40. ஆக, வீடியோவில் பிழை இல்லை. அதைக் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆல்பத்தைக் காட்டும் மென்பொருளிடம், நாம் இந்தியாவில் இருக்கிறோம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பஞ்சாங்கக் கணக்கில் நாள் மாறுவது சூரிய உதயத்தில். அதன்படி பார்த்தால் அந்த அதிகாலை இன்னும் முந்தைய நாளைச் சேர்ந்ததுதான். குழந்தை அழுத கணம் ஒன்று. அதற்கு நாம் வைக்கும் பெயர்கள்தான் பல. கம்ப்யூட்டரின் நேரத் தொல்லைகளில் பாதி, கணத்தையும் அதன் பெயரையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதால் வருகிறது.

மீதிப் பாதி, கணமே தவறிப்போவதால் வருவது. அதையும் எங்கள் சர்வர் காட்டிக்கொடுத்தது.

கம்ப்யூட்டருக்குள் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று, இயந்திரம் விழித்திருக்கும்போது மென்பொருள் எண்ணிக்கொண்டிருப்பது. இன்னொன்று மதர்போர்டில் இருக்கும் சிறு கடிகாரம். மின்சாரத்தை நிறுத்தினாலும் அது ஓடும். அதற்கு உயிர் கொடுப்பது சிறு காசு அளவுள்ள பட்டன் செல். சிஆர் 2032 என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்தக் கடிகாரத்தின் இதயம் ஒரு குவார்ட்ஸ் துண்டு. நொடிக்கு 32,768 முறை அதிரும். இந்த எண்ணை விரும்பித்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதைப் பாதியாக்கி, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கி, இப்படிப் பதினைந்து முறை செய்தால் மிச்சமில்லாமல் ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு விநாடி. உங்கள் கைக்கடிகாரத்திலும் பெரும்பாலும் இதே எண்தான். இந்தத் துண்டு 25 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒழுங்காக அதிரும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் கொஞ்சம் தளரும். நம் ஊர் மே மாதத்தில், மூடிய அலமாரிக்குள் 45 டிகிரி வெப்பத்தில் இருந்தால் கணக்குப்படி நாளுக்கு ஒரு விநாடிக்கு மேல் பின்தங்கும். மாதத்துக்கு அரை நிமிடம். கைக்கடிகாரம் நம் உடம்புச் சூட்டிலேயே இருந்து ஒரே சீராக ஓடுகிறது. அலமாரியில் இருப்பதற்கு அந்தப் பேறு இல்லை.

செல் தீர்ந்துவிட்டால்? மின்சாரம் இருக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருநாள் நெடுநேரம் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் அடங்கி, பிறகு சர்வர் எழுந்தபோது அதன் கணக்கில் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. படங்கள் திறந்தன, எல்லாம் நலம்போலவே இருந்தது. வெளியூரில் வைத்திருக்கும் நகலுக்கு மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை. காரணம் புரிய எனக்கு நான்கு நாள் ஆனது. இணையத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் பாதுகாப்பாகப் பேசத் தொடங்கும்போது ஒன்று தன் சான்றிதழைக் காட்டும். அதில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். பழைய ஆண்டில் உட்கார்ந்திருக்கும் சர்வருக்கு அது இன்னும் செல்லத் தொடங்காத சான்றிதழ். அதனால் அது கதவைத் திறக்க மறுத்தது. அதன் கண்ணில் அது சரியான காரியம்தான். அந்த நான்கு நாளில் வட்டு பழுதாகியிருந்தால் புதிதாக வந்த படங்கள் எங்கும் இருந்திருக்காது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

சர்வர் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பி மணி கேட்டுவருவதுபோல, இணையத்தில் உள்ள நேர சர்வரிடம் அது மணி கேட்கும். போய்வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்து, அதில் பாதியைச் சேர்த்துக்கொள்ளும். என்டிபி எனப்படும் இந்த முறையை 1980களில் உருவாக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். பிறவியிலேயே கண்நீர் அழுத்த நோயால் பார்வை குறைந்தவர். முதுமையில் பார்வை முழுதும் போனது. 2024 ஜனவரியில் காலமானார். உலகின் கோடிக்கணக்கான இயந்திரங்கள் இன்றும் அவர் வகுத்த முறையில்தான் மணி கேட்கின்றன. எங்கள் சர்வரில் அந்தச் சேவையை நான் இயக்கியிருக்கவில்லை. இப்போது இயக்கிவிட்டேன், செல்லையும் மாற்றிவிட்டேன்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். 1984-ல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கம்ப்யூட்டரில் செல்லோடு கூடிய கடிகாரம் வந்தது. அந்தக் கால வழக்கப்படி அதில் உள்ளூர் நேரத்தையே வைத்தார்கள். விண்டோஸ் இன்றும் அப்படித்தான் வைக்கிறது. லினக்ஸோ அதே கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வேறு பொருளில் படிப்பதால், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் ஐந்தரை மணி நேரம் பின்னால், திரும்பி வந்தால் ஐந்தரை மணி நேரம் முன்னால். விண்டோஸையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்ற ஒரு அமைப்பு இருக்கிறது. அதையே செய்யுங்கள் என்பேன். உள்ளே இருக்கும் கடிகாரத்துக்கு ஊர் எதற்கு? ஊர் நேரம் மனிதர் பார்க்கும் இடத்தில் இருந்தால் போதும்.

அந்த ஊரைச் சொல்லும்போதும் ஐந்தரை என்று எண்ணாகச் சொல்லாமல் பெயராகச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஊர் நேரப் பட்டியலில் இந்தியாவுக்கு உள்ள பெயர் ஏசியா/கொல்கத்தா. பெயர் ஏன் முக்கியம் என்று இலங்கையில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதே அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தார்கள். 2006 ஏப்ரலில் மறுபடி பழைய ஐந்தரைக்கே வந்தார்கள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நீடித்தது. கொழும்பு என்று பெயர் சொல்லிவைத்த கம்ப்யூட்டருக்கு, 1998-ல் உலகப் பொது நேரத்தில் பதிவான கோப்புக்கு எத்தனை மணி கூட்ட வேண்டும் என்று தெரியும். எண்ணாக எழுதிவைத்த கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அந்தப் பட்டியலில் கொல்கத்தா என்ற பெயருக்கு உரிய நம் கோப்புக்குள் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 1906-க்கு முந்தைய காலத்துக்கான வரி ஒன்றில் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று இருக்கும். அது மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் கணித்த நேரம் அது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்ட நேரம் என்பதால் இந்தியாவின் ரயில்களெல்லாம் அதன்படிதான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுமைக்குமான ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. அந்தக் கோப்பு இன்று உலகில் உள்ள லினக்ஸ் சர்வர்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. எங்கள் அலமாரியிலும் இருக்கிறது. அதை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

ஆல்பத்துக்கு அந்தப் பெயரை எழுதிக் கொடுத்து மறுபடி இயக்கினேன். சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வீடியோ நகர்ந்துவந்து போட்டோவுக்குப் பக்கத்தில் நின்றது. அதிகாலை 2.10. அவர் அதைத் தொட்டார். பேத்தி அழுதாள்.